பெடலுக்குக் கரண்ட் போகிறதா? வீட்டில் செய்த கிற்றார் பெடலில் பிழை பிடிக்கும் வழி

கிற்றாரின் சத்தத்தை மாற்றக் காலால் மிதிக்கும் சின்னப் பெட்டிதான் பெடல். கையால் செய்த பெடல் வேலை செய்யாவிட்டால் பெடியளின் கை முதலில் போவது ஐ.சி. என்ற சிப்புக்குத்தான். அதைக் கழற்றி வேறொன்று போடுவார்கள். பிறகு ட்ரான்சிஸ்டரை மாற்றுவார்கள். அதுவும் சரிவராவிட்டால் கொழும்புக்குப் போகிற யாராவது முதலாம் குறுக்குத் தெருவில் சாமான் வாங்கி வருவார்களா என்று காத்திருப்பார்கள். இவ்வளவும் முடிந்த பிறகு பார்த்தால், பற்றரி கிளிப்பின் சிவப்பு வயர் பிளாஸ்ரிக் உறைக்குள்ளேயே அறுந்து கிடக்கும்.

கரண்ட் பிழைகள் அனேகமாக சர்க்கிட்டுக்கு வெளியே, அடப்டருக்கும் போர்ட்டுக்கும் (சாமான்களை ஈயம் வைத்துப் பூட்டிய தட்டு) இடையில்தான் இருக்கும். வன்னியில் இதற்கு இன்னொரு காரணமும் சேர்ந்துகொள்கிறது. பெடலுக்கென்றே செய்த அடப்டரைக் கிளிநொச்சியிலோ புதுக்குடியிருப்பிலோ கடைக்குப் போய் எடுத்துவர முடியாது. வீட்டில் சும்மா கிடக்கும் ரவுட்டர் அடப்டர், சி.சி.ரி.வி. கமராவுக்கு வந்தது, சேர்ச் கீபோர்ட்டுக்கு வாங்கியது, அதுவும் இல்லாவிட்டால் சோலர் பற்றரி என்று கையில் எது அகப்படுகிறதோ அதைத்தான் செருகுகிறோம். பிளக் ஓட்டைக்குள் அழகாகப் போய்விடும். அதற்குள்ளால் வருவது பெடல் எதிர்பார்க்கிற கரண்டாக இருக்கவேண்டும் என்றில்லையே.

தொடங்க முன்

மலிவான மஞ்சள் டிஜிற்றல் மீற்றர் போதும். அதோடு புதிய 9 வோல்ட் பற்றரி ஒன்று. பெடலுக்குள் ஓடுவது 9 வோல்ட், கை பட்டால் ஒன்றும் செய்யாது. அடப்டருக்குள் இருப்பது 230 வோல்ட். அதைத் திறக்கவே வேண்டாம், பழுதென்றால் எறிந்துவிட்டு வேறொன்று எடுங்கள்.

மீற்றரை டி.சி. 20 வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையை இன்புட் ஜாக்கின் உடம்போடு கிளிப்பால் கவ்வவிடுங்கள். அதுதான் கிரவுண்ட். இனிச் சிவப்பு முனையை மட்டும் இடத்துக்கிடம் கொண்டுபோய்த் தொட்டால் சரி.

மீற்றரைத் தொடமுன் ஒரு சோதனை. எஃபெக்ட்டை, அதாவது பெடல் செய்யும் மாற்றத்தை, நிற்பாட்டி, சத்தம் மாறாமல் போகும் பைபாஸில் வைத்து கிற்றாரை மீட்டுங்கள். ஒன்பது கால் உள்ள கால்சுவிட்ச் போட்ட பெடலென்றால் பைபாஸில் சத்தம் சுவிட்சுக்குள்ளால் நேரே வெளியே போகும், அதற்குக் கரண்ட் தேவையில்லை. பைபாஸிலும் சத்தம் வரவில்லையா? அப்படியென்றால் பிழை கேபிளில், ஜாக்கில் அல்லது சுவிட்ச் வயரிங்கில். அதைத் திருத்திவிட்டு வாருங்கள். பைபாஸில் சத்தம் வந்தால் மேலே வாசியுங்கள்.

லைற்றும் இல்லை, எஃபெக்ட்டும் இல்லை

வயலுக்குத் தண்ணி வராவிட்டால் குளத்துத் துருசடியிலிருந்து வாய்க்கால் வழியே நடந்து பார்ப்பது போலத்தான் இதுவும். முதலில் பற்றரியின் தலையில் அளவுங்கள். அடுத்தது கிளிப் வயரின் நுனி, பிறகு அடப்டர் செருகும் டி.சி. ஜாக்கின் கால், பிறகு போர்ட்டில் சிவப்பு வயர் சேரும் இடம், பிறகு பிளஸ் வழியில் பாதுகாப்பு டயோட் இருந்தால் அதற்கு அப்பால், கடைசியாக ஐ.சி.யின் 8ஆம் கால். ஓரிடத்தில் 9 காட்டி அடுத்த இடத்தில் 0 காட்டினால் அந்த இரண்டுக்கும் நடுவில்தான் பிழை கிடக்கிறது. டி.எல்.072, ஜே.ஆர்.சி.4558 போன்ற எட்டுக்கால் இரட்டை ஒப்-ஆம்ப் (சத்தத்தைப் பெருக்கும் சிப்) எல்லாவற்றிலும் 8 பிளஸ், 4 மைனஸ். ஐ.சி.யின் பள்ளம் இடப்பக்கம் இருக்கும்படி பிடித்தால் கீழ் வரிசையில் இடமிருந்து வலமாக 1, 2, 3, 4. 8ஆம் கால் 1க்கு நேர் மேலே.

பற்றரியில் ஓடும் பெடலை அளக்கும்போது ஒன்றை மறக்கக்கூடாது: இன்புட்டில் கேபிள் செருகியிருக்க வேண்டும். மேசையில் வெறும் பெடலை வைத்து அளந்துவிட்டு, பற்றரி புதிது, ஆனால் போர்ட்டில் ஒன்றுமில்லை என்று தலையைச் சொறிபவர்கள் நிறைய. பெரும்பாலான பெடல்களில் இன்புட் ஜாக் ஸ்ரீரியோ ஜாக். பற்றரியின் கறுப்பு வயர் கிரவுண்டுக்கு நேரே போகாமல் அந்த ஜாக்கின் நடு வளையக் காலுக்குப் போகும். கிற்றார் கேபிளின் மொனோ பிளக் உள்ளே போனதும் அதன் நீளமான உடம்பு நடு வளையத்தையும் கிரவுண்டையும் தொடுத்துவிடும், அப்போதுதான் கரண்ட் ஓடும். தனியான ஓன்-ஓஃப் சுவிட்ச் இல்லாமல் பெடல் சமாளிப்பது இப்படித்தான்.

அந்த ஜாக்கைச் சோதிப்பது லேசு. பற்றரியைக் கழற்றிவிட்டு மீற்றரைப் பீப் சத்தத்தில் வைத்து, நடு வளையக் காலிலும் கிரவுண்ட் காலிலும் தொடுங்கள். பிளக் உள்ளே இருந்தால் பீப் அடிக்க வேண்டும், வெளியே எடுத்ததும் நிற்க வேண்டும். பிளக் இருந்தும் அடிக்கவில்லையென்றால் தகடு வளைந்திருக்கும், அல்லது பச்சை பிடித்திருக்கும். முல்லைத்தீவு, அளம்பில் போலக் கடற்காற்று அடிக்கும் இடங்களில் பச்சை பிடிப்பது அதிகம். மெல்லிய அரத்தாளைச் சுருட்டி விட்டு இரண்டு சுற்றுச் சுற்றினால் அனேகமாகச் சரிவரும்.

எஃபெக்ட் வேலை செய்து லைற் மட்டும் எரியாவிட்டால் அதைக் கரண்ட் பிழையென்று எண்ண வேண்டாம். எல்.ஈ.டி. தலைகீழாகப் போட்டிருக்கும். நீளக் கால்தான் பிளஸ்.

பற்றரியில் ஓடும், அடப்டரில் ஓடாது

இங்கே நான் முதலில் சந்தேகப்படுவது அடப்டரின் பக்கத்தை. பொஸ் கொம்பனி பழக்கப்படுத்திவிட்ட வழக்கம் ஒன்று உண்டு: பெடல் அடப்டரில் நடுத்துளை மைனஸ், வெளி உருளை பிளஸ். ரவுட்டர், சி.சி.ரி.வி. அடப்டர்கள் இதற்கு நேரெதிர், நடு பிளஸ். யமஹா கீபோர்ட்டுகளோடு வரும் 12 வோல்ட் அடப்டரிலும் நடு பிளஸ். கஸியோவின் பழைய 9 வோல்ட் அடப்டரில் நடு மைனஸ். ஆகவே கீபோர்ட் அடப்டர் பொருந்தும் அல்லது பொருந்தாது என்று ஒரே வாயில் சொல்ல முடியாது. லேபிளில் ஒரு புள்ளியும் அதைச் சுற்றி அரைவட்டமும் வரைந்து பிளஸ், மைனஸ் போட்டிருக்கும், அதைப் பார்க்கலாம். அதைவிட அளப்பது நல்லது. சிவப்பு முனையைத் துளைக்குள் விட்டு, கறுப்பை வெளி உருளையில் பிடியுங்கள். மீற்றர் மைனஸ் 9 என்று காட்டினால் அது பெடலுக்கானது. மைனஸ் அடையாளம் இல்லாமல் 9 என்றோ 12 என்றோ காட்டினால் செருக வேண்டாம்.

பக்கம் சரி, ஆனால் அளவு? லேபிளில் 9 என்று போட்ட பாரமான பழைய அடப்டர் ஒன்றை அளந்தால் 13, 14 வோல்ட் காட்டும். பயப்படத் தேவையில்லை, அது பழுதில்லை. ரெகுலேற்றர் (வோல்ட்டை ஒரே அளவில் நிறுத்தும் சாமான்) இல்லாத அடப்டர், லேபிளில் போட்ட முழுச் சுமையையும் கொடுத்தால்தான் 9க்கு இறங்கும். உங்கள் பெடல் இழுப்பது சில மில்லியம்பியர்தான், அதனால் வோல்ட் இறங்காது. சாதாரண ஓவர்டிரைவ் (சத்தத்தைக் கரகரப்பாக்கும் பெடல்) இதைத் தாங்கிக்கொள்ளும். டி.எல்.072க்கு 36 வோல்ட் வரை எல்லை இருக்கிறது. 10 வோல்ட் என்று அச்சிட்ட எலெக்ட்ரோலிற்றிக் கப்பாசிற்றரும் ஐ.சி.எல்.7660 போன்ற வோல்ட் மாற்றும் சிப்பும்தான் தாங்காது. 7660இன் எல்லையே 10 வோல்ட்டைச் சுற்றித்தான். ஆகவே பெடலுக்குள் அந்தச் சிப் இருந்தால் 12 வோல்ட் அடப்டர் பக்கம் போகவே வேண்டாம்.

பிறகு ஜாக். மூன்று கால் உள்ள டி.சி. ஜாக்கில் ஒன்று நடு ஊசி, ஒன்று வெளித் தகடு, மூன்றாவது பற்றரிக்கான கால். பிளக் வராதபோது இந்த மூன்றாவது கால் வெளித் தகட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும், பிளக் வந்ததும் விலகிப் பற்றரியைத் துண்டிக்கும். ஆகவே பற்றரியின் சிவப்பு மூன்றாவது காலுக்கு, போர்ட்டின் சிவப்பு வெளித் தகட்டுக் காலுக்கு, கிரவுண்ட் நடு ஊசிக்கு. இதில் இரண்டை மாறிக் கொடுத்தால் பற்றரியில் மட்டும் ஓடும் பெடலோ, அடப்டரில் மட்டும் ஓடும் பெடலோ கிடைக்கும்.

ஆட்டினால் வந்து வந்து போகிறதா? பிளக்கின் துளை அகலமாக இருக்கலாம். வெளி அளவு இரண்டுக்கும் 5.5 மில்லிமீற்றர்தான், ஆனால் உள்துளை 2.1, 2.5 என்று இரண்டு வகை. 2.1 ஊசியில் 2.5 பிளக் போட்டால் கலகலவென்று ஆடும்.

பற்றரி சுடுகிறது, அடப்டர் டிக் டிக் என்கிறது

இப்படிக் கண்டால் உடனே கழற்றுங்கள், எங்கோ ஷோர்ட், அதாவது பிளஸும் மைனஸும் நேரே தொடுகின்றன. புதிய வகை அடப்டர்கள் ஷோர்ட்டைக் கண்டால் தாங்களே நிறுத்தி, திரும்ப முயன்று, திரும்ப நிறுத்தும். காதை அடப்டருக்குக் கிட்டக் கொண்டுபோனால் அந்த டிக் டிக் கேட்கும். அதில் லைற் இருந்தால் மினுக்கும். பழைய வகை அடப்டர் இப்படி எதுவும் சொல்லாது, சூடாகிக்கொண்டே போகும்.

பற்றரி, அடப்டர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு மீற்றரை ஓமில் வைத்து, போர்ட்டின் பிளஸுக்கும் கிரவுண்டுக்கும் இடையில் அளவுங்கள். எண் சின்னதாகத் தொடங்கி மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போனால் நல்லது, பெரிய கப்பாசிற்றர் நிரம்புகிறது என்று அர்த்தம். ஒன்றிரண்டு ஓமிலேயே ஒட்டிக்கொண்டு நின்றால் ஷோர்ட். இனிக் குற்றவாளி யார் என்று பார்க்க வேண்டும்.

முதல் ஆள் இரும்பு உடம்புள்ள டி.சி. ஜாக். இது எத்தனையோ பேரைச் சுற்றவைத்திருக்கிறது. பெடலில் வெளி உருளைதான் பிளஸ் என்று மேலே சொன்னேன் அல்லவா? இரும்பு ஜாக்கின் வெளி உடம்பும் அந்த உருளையும் ஒன்றே. அதை அலுமினியப் பெட்டியிலோ பிஸ்கட் ரின்னிலோ நட் போட்டு இறுக்கினால் பெட்டி முழுக்கப் பிளஸ் ஆகிவிடும். அதே பெட்டியில் இன்புட் ஜாக்கின் உடம்பு கிரவுண்டாக இறுகியிருக்கிறது. பிறகு கேட்கவா வேண்டும். மேசையில் வெறும் போர்ட்டாக ஓடிய பெடல் பெட்டிக்குள் போட்டதும் செத்துப்போனால் வேறெதையும் பார்க்கமுன் இதைப் பாருங்கள். பிளாஸ்ரிக் உடம்புள்ள ஜாக் வாங்கிப் போடுவதுதான் மருந்து. இன்சுலேஷன் ரேப் சுற்றிச் சமாளிப்பது கொஞ்ச நாளில் கிழியும்.

இரண்டாவது ஆள் பாதுகாப்பு டயோட். பல சர்க்கிட்டுகளில் 1என்4001 ஒன்று பிளஸுக்கும் கிரவுண்டுக்கும் குறுக்கே, கோடு பிளஸ் பக்கம் இருக்கும்படி நிற்கும். அடப்டரைப் பக்கம் மாறிச் செருகினால் கரண்ட் முழுவதையும் இந்த டயோட் தன்னுக்குள்ளால் விட்டு, பின்னால் இருக்கும் ஐ.சி.யைக் காப்பாற்றும். அந்த டயோட்டுக்கு எல்லை 1 அம்பியர். ரவுட்டர் அடப்டரே 1 அம்பியர், சி.சி.ரி.வி. அடப்டர் 2 அம்பியர் கொடுக்கக்கூடியது. டயோட் சுட்டு, உள்ளே உருகி ஷோர்ட்டாகிவிடும். அதற்குப் பிறகு சரியான அடப்டரைச் செருகினாலும் டிக் டிக்தான். ஒரு காலை ஈயத்திலிருந்து விடுவித்து, மீற்றரை டயோட் குறியில் வைத்து அளவுங்கள். ஒரு பக்கம் 0.5 தொடக்கம் 0.7 வரை காட்ட வேண்டும், மறுபக்கம் ஒன்றும் காட்டக்கூடாது. இரண்டு பக்கமும் பூச்சியம் என்றால் டயோட் தன் உயிரைக் கொடுத்து உங்கள் பெடலைக் காப்பாற்றியிருக்கிறது. சில ரூபாய்ச் சாமான், மாற்றுங்கள்.

என்னைக் கேட்டால் இந்த ஊர் அடப்டர் நிலைமைக்குக் குறுக்கு டயோட்டை விட வரிசையில் வைக்கும் டயோட்தான் நல்லது. பிளஸ் வயரின் வழியில் 1என்5817 ஒன்றை, கோடு போர்ட் பக்கம் பார்க்க வையுங்கள். பக்கம் மாறிச் செருகினால் பெடல் பேசாமல் இருக்கும், அவ்வளவுதான், ஒன்றும் எரியாது. செலவாவது 0.2, 0.3 வோல்ட். 9இல் அது போனால் காதுக்குத் தெரியாது.

மூன்றாவது ஆள் தலைகீழாகப் போட்ட எலெக்ட்ரோலிற்றிக் கப்பாசிற்றர். உடம்பில் வெள்ளைப் பட்டி உள்ள பக்கம் மைனஸ். அது வீங்கியிருந்தால் அல்லது விரலுக்குச் சூடாக இருந்தால் சந்தேகமே வேண்டாம். வெடிக்கக்கூடிய சாமான், முகத்தைக் கிட்டக் கொண்டுபோகாதீர்கள்.

போர்ட்டில் 100 ஓம் ரெசிஸ்டர் ஒன்று பிளஸ் வழியில் இருந்தால், அது கறுத்திருக்கிறதா என்று பாருங்கள். அதற்கு அப்பால் ஷோர்ட் என்றால் 9 வோல்ட் முழுவதும் அதன்மேல் விழும். 90 மில்லியம்பியர், 0.8 வாட். கால் வாட் ரெசிஸ்டர் அதைத் தாங்காமல் கருகும். கருகிய ரெசிஸ்டரை மட்டும் மாற்றி விட்டால் புதியதும் கருகும், ஷோர்ட் அதற்குப் பின்னால்தான் இருக்கிறது. செப்புக் கீற்றுகள் ஓடும் வெரோபோர்ட் என்றால் கீற்றுகளுக்கு நடுவில் ஈயம் வழிந்திருக்கும். பேனாக்கத்தி நுனியால் ஒவ்வோர் இடைவெளியாகக் கீறிக்கொண்டு போங்கள்.

லைற் எரியுது, சத்தம் இல்லை

“அண்ணை, லைற் எரியுது, அப்ப கரண்ட் சரிதானே?” என்பது போனில் வரும் வழக்கமான கேள்வி. இல்லைத் தம்பி. எல்.ஈ.டி.க்குப் போகும் வழி வேறு, ஐ.சி.க்குப் போகும் வழி வேறு. முதலில் 8ஆம் காலில் 9க்குக் கிட்ட வருகிறதா, 4ஆம் காலில் 0 இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் சரியென்றால் அடுத்தது பாதி வோல்ட்.

ஒற்றைப் பற்றரியில் ஓடும் ஒப்-ஆம்ப் சர்க்கிட்டில் சத்தம் 0க்கும் 9க்கும் நடுவில், 4.5ஐச் சுற்றி ஆடவேண்டும். அதற்காக 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் இரண்டைப் பிளஸுக்கும் கிரவுண்டுக்கும் இடையில் வரிசையாக வைத்து, நடுச் சந்தியில் கப்பாசிற்றர் ஒன்றைப் போடுவார்கள். அந்தச் சந்தியில் 4.5 வர வேண்டும். 9 வந்தால் கிரவுண்ட் பக்க ரெசிஸ்டர் விட்டுப்போயிருக்கிறது. 0 வந்தால் மேல் ரெசிஸ்டர் விட்டிருக்கும், அல்லது கப்பாசிற்றர் ஷோர்ட்.

சந்தி சரியென்றால் ஐ.சி.யின் 1ஆம், 7ஆம் கால்களில் அளவுங்கள். அவை வெளிவழி, அங்கும் ஏறக்குறைய 4.5 வேண்டும். 3ஆம் காலில் அளந்து குழம்ப வேண்டாம். அந்தக் காலுக்கு 4.5 போவது பெரும்பாலும் 1 மெகா ஓம் ரெசிஸ்டருக்குள்ளால். மலிவு மஞ்சள் மீற்றரின் உள்தடையும் 1 மெகா ஓம்தான். முனையை வைத்ததுமே மீற்றர் பாதியைத் தான் எடுத்துக்கொண்டு 2.2 என்று காட்டும். 10 மெகா ஓம் உள்ள நல்ல மீற்றர் என்றால் 4.1 காட்டும். இரண்டிலும் பெடலில் பிழையில்லை.

எக்கோ, டிலே பெடல்களில் பி.டி.2399 இருக்கும். அது 5 வோல்ட் சிப், அதற்கு முன்னால் 78எல்05 ரெகுலேற்றர் நிற்கும். அதன் தட்டை முகம் உங்களைப் பார்க்க, கால் கீழே இருக்கும்படி பிடித்தால் இடது கால் வெளிவழி, நடு கிரவுண்ட், வலது உள்வழி. பெரிய 7805இல் இந்த வரிசை நேர்மாறு: இடது உள்வழி, வலது வெளிவழி. படத்தில் ஒன்று, கையில் மற்றொன்று என்று மாறிப் போட்டவர்கள் இந்த இடத்தில் மாட்டிக்கொள்வார்கள்.

இரைகிறது

முதல் சோதனை எப்போதும் ஒன்றுதான்: அடப்டரைக் கழற்றிப் பற்றரி போடுங்கள். இரைச்சல் போனால் பிழை அடப்டர் பக்கம். போகாவிட்டால் கிற்றாரின் வொலியூமைப் பூச்சியமாக்குங்கள். அதோடு நின்றால் அது பிக்கப் பிடிக்கும் இரைச்சல், பெடலைக் குற்றம் சொல்ல வேண்டாம்.

அடப்டர் பக்கம் என்றால் என்ன இரைச்சல் என்று காதால் பிரித்துப் பார்க்கலாம். நமது மெயின்ஸ் 50 ஹேர்ட்ஸ். பழைய அடப்டருக்குள் நான்கு டயோட் அதை டி.சி. ஆக்கும்போது மிச்சமாக வருவது 100 ஹேர்ட்ஸ். ஒழுங்காகச் சுருதி சேர்த்த கிற்றாரில் தடித்த ஆறாவது கம்பியின் மூன்றாம் கட்டு, ஜி சுரம், 98 ஹேர்ட்ஸ். கெயினைக் குறைத்து வைத்து அந்தக் கம்பியை மீட்டுங்கள். இரைச்சல் அதே உயரத்தில் இருந்தால் அடப்டரின் வடிகட்டல் போதாது. அதைவிட ஒரு ஸ்தாயி கீழே இருந்தால் அது 50 ஹேர்ட்ஸ், கிரவுண்ட் வயரிங்கிலும் எர்த்திலும் தேட வேண்டியது. டிஸ்டோர்ஷனைக் கூட்டி வைத்துக்கொண்டு இந்தச் சோதனை செய்தால் எல்லாம் ஒரே கரகரப்பாகத்தான் கேட்கும்.

100 ஹேர்ட்ஸுக்கு மருந்து: பிளஸ் வழியில் 100 ஓம் ரெசிஸ்டர், அதற்குப் பின்னால் கிரவுண்டுக்கு 100 மைக்ரோபரட் கப்பாசிற்றர். இது 16 ஹேர்ட்ஸுக்கு மேல் உள்ள ஏற்ற இறக்கத்தைக் குறைத்துக்கொண்டு போகும், 100 ஹேர்ட்ஸில் ஆறில் ஒரு பங்குதான் மிஞ்சும். கப்பாசிற்றர் 16 அல்லது 25 வோல்ட் வகையாக இருக்கட்டும். சைக்கிள் டைனமோவில் ரேடியோ ஓட்டிய தலைமுறைக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. வன்னிக்குள் பற்றரி வரத் தடையிருந்த 90களில், சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்திப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோவின் ஏ.சி.யை டயோட்டால் டி.சி. ஆக்கிச் செய்தி கேட்டவர்கள் அவர்கள். கப்பாசிற்றர் சின்னதென்றால் செய்தியோடு இரைச்சலும் சேர்ந்து வரும்.

கீச்சென்ற மெல்லிய விசில் சத்தம் வேறு விடயம். யு.எஸ்.பி.யிலிருந்து 5ஐ 9 ஆக்கும் வயர், மலிவு போன் சார்ஜர் இவற்றோடு அது வரும். பெடலுக்குள் ஐ.சி.எல்.7660 இருந்தாலும் வரும். அந்தச் சிப் ஏறத்தாழ 10 கிலோஹேர்ட்ஸில் ஓடுகிறது, காதுக்குக் கேட்கும் எல்லைக்குள். பெயரில் எஸ் சேர்ந்த 7660எஸ் வாங்கி, 1ஆம் காலை 8ஆம் காலோடு தொடுத்தால் அது காதுக்கு மேலே போய்விடும்.

சோலர் பற்றரியில் ஓடுகிறீர்களென்றால் 12 வோல்ட் பற்றரி சார்ஜ் ஆகும்போது 14.4 வரை ஏறும். நடுவில் 7809 ரெகுலேற்றர் ஒன்று கட்டாயம். அதற்கு உள்ளே 11 வோல்ட்டாவது வேண்டும், பற்றரி இறங்கிவிட்டால் 9 கிடைக்காது. வயரை சார்ஜ் கொன்ட்ரோலரின் லோட் பக்கத்தில் எடுக்காமல் பற்றரியிலிருந்தே எடுங்கள். மலிவுக் கொன்ட்ரோலர்கள் மைனஸ் வழியைத்தான் திறந்து மூடும். பெடலின் மைனஸ் கேபிள் வழியே அம்பிளிபயரின் மைனஸோடு சேர்ந்துவிடும், அதனால் இரைச்சல் உள்ளே வரும். பற்றரியின் பிளஸ் முனைக்குக் கிட்ட 1 அம்பியர் பியூஸ் போட மறக்கக்கூடாது. ஈயப் பற்றரி ஷோர்ட்டானால் வயர் சிவந்து உருகும், பெட்டி மட்டுமல்ல கையும் சுடும்.

மின்னேற்றிய யானைவேலிக்குக் கிட்ட வீடென்றால் இன்னொன்று. நொடிக்கு ஒரு தரம் டிக் என்று ஒழுங்காகக் கேட்பது வேலியின் அடி. எந்தக் கப்பாசிற்றரும் அதை நிறுத்தாது. கிற்றாரை வேறு பக்கம் பார்க்கத் திருப்பிப் பிடித்துப் பாருங்கள், குறையும்.

புட்புட்டென்று அடிக்கிறது

மோட்டார் போட் போவது போல மெல்ல அடித்தால் பற்றரி செத்துக்கொண்டிருக்கிறது, அல்லது பிளஸுக்கும் கிரவுண்டுக்கும் இடையில் இருக்க வேண்டிய பெரிய கப்பாசிற்றர் இல்லை. பற்றரியைத் தனியே கழற்றி அளந்து 8.8 இருக்கிறது என்று வாதாட வேண்டாம். பெடல் ஓடிக்கொண்டிருக்கும்போது அளவுங்கள். பழைய பற்றரிக்கு உள்தடை கூடிவிடும், சுமை வந்ததும் 6க்கு விழும்.

பற்றரி நின்றுபிடிக்கவே மாட்டுது

பாதி வீடுகளில் காரணம் இன்புட்டில் இரவெல்லாம் கேபிள் கிடப்பது. கேபிள் இருந்தால் பெடல் ஓனில்தான் இருக்கிறது, லைற் எரியாவிட்டாலும்.

அது இல்லையென்றால் கரண்டை அளவுங்கள். பற்றரியின் ஒரு முனையை மட்டும் கிளிப்பில் பொருத்தி, பற்றரியைத் திருப்பி மற்ற முனையை வெளியே நிற்கவிடுங்கள். மீற்றரை மில்லியம்பியரில் வைத்து, ஒரு ஊசியைப் பற்றரியின் வெளி முனையிலும் மற்ற ஊசியைக் கிளிப்பின் வெறும் முனையிலும் தொட்டால் ஓடும் கரண்ட் தெரியும். ஃபஸ் (ஓவர்டிரைவை விடக் கரடான சத்தம் தரும் பெடல்) என்றால் 1 மில்லியம்பியரைச் சுற்றி, ஓவர்டிரைவ் சில மில்லியம்பியர், பி.டி.2399 உள்ள டிலே இருபது முப்பது. 9 வோல்ட் அல்கலைன் பற்றரியில் சுமார் 500 மில்லியம்பியர்-மணி உண்டு, கணக்கைப் பிரித்துப் பாருங்கள். டிலே பெடலுக்குப் பற்றரி போடுவது காசைக் கரியாக்கும் வேலை.

எல்.ஈ.டி.யையும் பாருங்கள். 4.7 கிலோ ஓம் போட்டால் 1.5 மில்லியம்பியர் எடுக்கும். கண்ணைக் கூசவைக்க வேண்டும் என்று 470 ஓம் போட்டால் 15. ஃபஸ் சர்க்கிட் முழுவதும் எடுப்பதை விட லைற் பத்து மடங்குக்கு மேல் குடிக்கும்.

தனியே ஓடும், மற்றப் பெடல்களோடு சேர்த்தால் எல்லாம் நிற்கும்

பழைய ரேடியோவிலிருந்து ஏ.சி.128 எடுத்துச் செய்த ஜெர்மேனியம் ஃபஸ்ஸா? அந்த ட்ரான்சிஸ்டர் பி.என்.பி., பழைய சர்க்கிட்டில் பிளஸ்தான் கிரவுண்ட். மற்றப் பெடல்களில் மைனஸ் கிரவுண்ட். ஒரே அடப்டரிலிருந்து கிளைவயர் போட்டு இரண்டுக்கும் கொடுத்து, கிற்றார் கேபிளாலும் இணைத்தால் அடப்டரின் பிளஸும் மைனஸும் கேபிள் வழியே ஒன்றாகிவிடும். அதற்குத் தனிப் பற்றரி கொடுங்கள், வேறு வழி தேட வேண்டாம்.

தட்டினால் வேலை செய்யும்

ஏதோ ஒன்று பிடிப்பு விட்டிருக்கிறது. பெடலை ஓனில் வைத்து, மூடியைக் கழற்றி, ஈர்க்கு அல்லது பென்சில் நுனியால் வயர்களை ஒவ்வொன்றாக மெல்ல நகர்த்துங்கள். சத்தம் வெட்டும் இடத்தில் நிறுத்துங்கள். ஈயம் மங்கலாக, உருண்டையாக நின்றால் அது பிடிக்காத ஈயம். திரும்பச் சூடாக்கி, கொஞ்சம் புது ஈயம் ஊட்டுங்கள், மினுங்கிக்கொண்டு படிய வேண்டும். காலால் மிதிக்கும் சாமான் என்பதால் வயர் போர்ட்டில் சேரும் இடத்தில்தான் அறும். அந்த இடத்தில் ஹொட் குளூ ஒரு பொட்டு வைத்தால் நிற்கும்.

திறந்தால் வேலை செய்து மூடினால் நின்றுபோகிற பெடல் என்றால், மூடியின் உட்பக்கம் போர்ட்டின் ஈயக் கூர்களைத் தொடுகிறது. ஒரு துண்டு மட்டையை வெட்டி இடையில் வையுங்கள், மூடியைப் பூட்டிய பிறகு பற்றரிக் கரண்டை இன்னொரு தரம் அளந்து பாருங்கள்.